கத்திரி வெயிலில் பண்ணைக்குட்டை மீனைக் காப்பது எப்படி?

மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் என்ன சூடோ, கிட்டத்தட்ட அதே சூடுதான் அதன் உடம்பும். நமக்கு வேர்ப்பது மாதிரி அதற்கு வழி கிடையாது. குளிர்ச்சியான இடம் தேடிப் போவது ஒன்றே அதற்குத் தெரிந்த வைத்தியம். அந்த இடத்தை நாம்தான் வைத்துக்கொடுக்க வேண்டும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் குட்டையில் கோடையிலும் ஐந்தடித் தண்ணீர் நிற்கட்டும். இரண்டடிக்கு வற்றினால் அடிவரை கொதிக்கும், மீன் ஒதுங்க இடமிராது.

குட்டையில் வளர்க்கும் கெண்டை மீன்களான கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் 25 முதல் 32 டிகிரி தோதானது. தெர்மாமீட்டரைச் சின்ன பாட்டிலுக்குள் வைத்துக் கயிற்றில் கட்டி நாலடி இறக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீரோடு தூக்கிப் பாருங்கள். வெறுமனே தூக்கினால் மேலே வருவதற்குள் அளவு மாறிவிடும்.

சூடு ஏறினால் மீனுக்கு இரட்டை அடி. உடம்புக்குள் எல்லாம் வேகமாக நடப்பதால் ஆக்ஸிஜன் அதிகம் கேட்கும். தண்ணீரிலோ அது குறைவாகத்தான் கரையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல், 35-ல் ஏறக்குறைய 7. இரவில் பாசியும் சேர்ந்து அதையே சுவாசிக்கும். அதனால் ஆபத்து நண்பகலில் இல்லை, விடியற்காலையில்தான்.

ஐந்தரை மணிக்குக் கரையில் நின்று பாருங்கள். கட்லா மேலே மேயும் மீன், அது தெரிவதில் பயமில்லை. அடியில் சேறு கிளறும் மிர்கால் மேலே வந்து வாயைப் பிளந்தால், ஆள் நடமாட்டம் கண்டும் உள்ளே முங்காமல் நின்றால், மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். உடனே ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) போடுங்கள். இல்லையென்றால் மோட்டார் வைத்துக் குட்டைத் தண்ணீரையே உயரத்திலிருந்து சிதறி விழும்படி பீய்ச்சுங்கள். போர் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. குழாயை நேரே குட்டைக்குள் முக்கிவிடாதீர்கள், அதையும் சிதறவிட்டே சேருங்கள்.

பலர் கோட்டை விடுவது தீனியில். பத்து சென்ட் குட்டையில் கால் கிலோ மீன் 200 இருந்தால் மொத்தம் 50 கிலோ. இரண்டு சதவீதக் கணக்கில் நாளுக்கு ஒரு கிலோ: தவிடு அரை, கடலைப்புண்ணாக்கு அரை. தண்ணீர் 33-ஐத் தாண்டினால் பாதியாக்குங்கள். மீன் வாய் பிளந்த அன்று சுத்தமாக நிறுத்துங்கள். தின்னாத தீனி அழுகி, இருக்கிற ஆக்ஸிஜனையும் தின்றுவிடும். அதில் வரும் அம்மோனியா சூட்டில் இன்னும் கடும் விஷம்.

கோடை மழையை நம்பி அசந்துவிடாதீர்கள். மேலே விழுந்த குளிர்ந்த நீர் கீழே இறங்கி, அடியிலுள்ள ஆக்ஸிஜனில்லாத தண்ணீரை மேலே கிளப்பிவிடும். மழை பெய்த இரவு ஏரேட்டர் ஓடியே ஆக வேண்டும்.

புதுக் குஞ்சு விடுவதை மழைக்காலத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது. கோடையில் விட்டே ஆக வேண்டுமென்றால் விடிகாலையில் பையைக் கட்டவிழ்க்காமல் 20 நிமிடம் குட்டையில் மிதக்கவிடுங்கள். பிறகு வாய் திறந்து, கையளவு குட்டைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பையைச் சாய்த்துப் பிடியுங்கள். கொட்ட வேண்டாம், குஞ்சுகள் தாமாகவே நீந்திப் போகட்டும்.