பொம்பெயிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இத்தாலி பயணத் திட்டங்களில் பொம்பெயிக்குப் பெரும்பாலும் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான். முதல் தவறே அதுதான். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை மூடிய இந்தப் பழைய ரோமானிய ஊரின் பரப்பு சுமார் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இதுவரை தோண்டப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு பங்கை நடந்து பார்க்கவே ஒரு முழுப் பகல் போதாது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். முடியாதென்றால் ஒரு தெருவையும் நான்கு வீடுகளையும் மட்டும் நிதானமாகப் பாருங்கள். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வர ஓடினால் கடைசியில் எல்லாமே வெறும் செங்கல் சுவராகத்தான் மனதில் நிற்கும்.

அடுத்தது, ரயிலில் தவறான இடத்தில் இறங்குவது. பொம்பெயி என்ற பெயரில் இன்றைய ஊருக்கும் ஒரு நிலையம் உண்டு. நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ போகும் சர்க்கம்வெசுவியானா ரயிலில் ஏறி, 'பொம்பெயி ஸ்காவி' என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். ஸ்காவி என்றால் அகழாய்வு. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போர்ட்டா மரீனா வாசல். ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. டிக்கெட்டில் பெயரும் இருக்கும், அதனால் முன்பே பதிவு செய்துவிட்டு, பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். கூட்டம் தாங்காது, எனக்கு அந்த நாளில் போகச் சொல்ல மனம் வராது.

ஜூலை, ஆகஸ்ட் வெயிலைக் குறைவாக எண்ணாதீர்கள். கூரை இல்லாத ஊர் அது, நிழல் கிடைப்பது அபூர்வம். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். பாட்டிலை உள்ளே இருக்கும் குழாய்களில் நிரப்பிக்கொள்ளலாம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கருங்கற்கள் பாவிய அந்தத் தெருக்கள் மேடும் பள்ளமுமானவை, கால் பிசகிவிடும்.

அந்தத் தெருவைத்தான் பலர் பார்க்காமலே கடந்து போகிறார்கள். சற்று குனிந்து பாருங்கள். வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடிக் கல்லில் ஆழமான தடம் விழுந்திருக்கும். தெருவின் குறுக்கே உயரமான கற்கள் வரிசையாக நிற்கும். சாக்கடையும் மழைநீரும் தெருவிலேயே ஓடியதால், கால் நனையாமல் மறுபக்கம் போக வைத்த கற்கள் அவை. நடுவே விட்ட இடைவெளிக்குள் வண்டிச் சக்கரம் நுழைந்து போகும். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிகளின் விளிம்பில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். தண்ணீர் குடிக்கக் குனிந்தவர்கள் கை ஊன்றிய இடம் அது. ஒரு கை மட்டும் ஊன்றி அவ்வளவு தேய்ந்துவிடாது, எத்தனை தலைமுறை!

அப்புறம், ஊரை மூடியது நெருப்புக் குழம்பு என்று நினைத்துக்கொண்டு போவது. முதலில் பல மணி நேரம் மழைபோல் விழுந்தது நுரைக்கல், அதாவது நுரைபோல் துளைகள் கொண்ட எடை குறைந்த கல். அதன் பிறகு கொதிக்கும் சாம்பலும் வாயுவும் பாய்ந்து வந்தன, ஊரில் இருந்தவர்கள் தப்பவில்லை. சாம்பல் இறுகியது. உள்ளே உடல் மட்கிப்போய் அதன் வடிவில் வெற்றிடம் மிஞ்சியது. 1863-ல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியோரெல்லி அந்த வெற்றிடங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினார். இன்று நாம் பார்க்கும் உருவங்கள் அப்படி வந்தவை. அவற்றைச் சிலைகள் என்று எண்ணிவிடாதீர்கள், பலவற்றுக்குள் அவர்களுடைய எலும்புகளும் இருக்கின்றன. அவர்களைப் பின்னால் வைத்து இளித்தபடி செல்ஃபி எடுப்பதைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. இழவு வீட்டில் நிற்பதுபோல் நில்லுங்கள், அது போதும்.

சுவரில் பெயர் கீறுவது, ஓவியத்தைத் தடவிப் பார்ப்பது, சிறு கல்லைப் பையில் போடுவது எல்லாமே குற்றம். எடுத்துப்போன கற்களை மனம் உறுத்தித் தபாலில் திருப்பி அனுப்பியவர்கள் பலர். எடுக்காமலே வந்துவிடலாமே.

கடைசியாக, பொம்பெயியைப் பார்த்துவிட்டு நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தை விட்டுவிடுவது. ஓவியங்கள், மொசைக்குகள், பாத்திரங்கள் எனப் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. 1938-ல் பொம்பெயி வீடொன்றில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பமும் அங்குண்டு. முதலில் லட்சுமி என்றார்கள், யட்சியாக இருக்கலாம் என்பது இன்று பலர் கருத்து. நம் நாட்டுக் கைவேலை அவ்வளவு தூரம் போயிருப்பதை நேரில் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். அதே எரிமலையில் புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த, கரியாகிப்போன ஒரு ரொட்டியும் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டுத் துண்டாகப் பிய்க்கும்படி கோடு போட்ட வட்ட ரொட்டி. அதில் குத்திய முத்திரையில் கெலர் என்ற அடிமையின் பெயர் இன்னும் படிக்கும்படி இருக்கிறது.