அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள்

போன கிழமை கிளிநொச்சியில் என் பின்னேர வகுப்பில் ஒரு பிள்ளை "இரணைமடுத் தாங்கி நிரம்பி வழிகிறது" என்று மொழிபெயர்த்திருந்தாள். அந்தக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவள். ஆங்கிலத்தில் 'டாங்க்' என்று இருந்தது. அகராதியின் முதல் பொருளை எடுத்துவிட்டாள். நானும் அந்த வயதில் அதையேதான் செய்தேன். அகராதி பார்க்கும்போது நாம் விடுகிற பிழைகள் சிலவற்றைச் சொல்கிறேன். எழுத்துப்பிழை, அகரவரிசை எல்லாம் இங்கே வேண்டாம்.

முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். மீள்குடியேறிய காலம். அயலில் இருந்த ஐயா ஒருவர் ஆங்கிலக் காணிப் படிவத்தோடு வந்தார். "தம்பி, இதை ஒருக்கா நிரப்பித் தா." காணியில் உங்களுக்குள்ள 'இன்ரறஸ்ற்' என்ன என்று ஒரு கேள்வி. என் கையகராதியில் முதலில் 'ஆர்வம்' என்று இருந்தது. நெல் விதைக்கவும் தென்னை வைக்கவும் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பதிலைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐயா மூன்று மாதம் அலைந்தார். கேட்டது உரித்து: உறுதியா, பெர்மிட்டா, குத்தகையா என்பது. அந்தப் பொருள் அதே பக்கத்தில், 'வட்டி'க்கும் கீழே, 'சட்டம்' என்ற குறிப்போடு இருந்தது. இத்தனைக்கும் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் உரித்து என்பதுதான் பழைய பொருள். ஆர்வம் என்பது 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

அகராதிக்கு அகராதி வரிசையும் மாறும். மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி நெடுங்காலம் வரலாற்று வரிசைப்படி பழைய பொருளை முன்னால் வைத்து வந்தது. கற்போருக்கான அகராதிகள் பெரும்பாலும் அதிகம் வழங்குவதை முன்னால் வைக்கும். அதனால் அந்தச் சொல்லுக்குக் கீழே உள்ள பதிவு முழுவதையும் வாசியுங்கள். 'சட்டம்' போன்ற துறைக்குறிப்பைப் பாருங்கள். அப்புறம், எடுத்த பொருளை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்தாவிட்டால் அடுத்தது.

பெயரா வினையா என்று பாராதது

சொல்லுக்குப் பக்கத்தில் n (பெயர்), v (வினை) என்று உள்ள சின்ன எழுத்து அதற்குத்தான்.

இறந்தகால வடிவத்தை அப்படியே தேடுவது

'ஃபவுண்ட்' என்று தேடினால் 'நிறுவு' என்றும் வரும். தொலைந்த மாடு கிடைத்த கதையில் அது 'ஃபைண்ட்' (கண்டுபிடி) என்பதன் இறந்தகாலம். அங்கே போய்ப் பாருங்கள்.

போனில் தேடுவது

முதல் திரையில் ஒன்றிரண்டு பொருள்தான் தெரியும். கீழே தள்ளுங்கள்.