பியுசி19 பிளாஸ்மிட்டில் மரபணு குளோனிங்: காலனி வராதவர்களுக்கு ஒரு செய்முறை

மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் ஒட்டும் லைகேஷன் வைத்தாயிற்று, அதைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தும் டிரான்ஸ்ஃபார்மேஷனும் முடிந்தது. மறுநாள் காலை பிளேட்டைத் திறந்தால் ஒரு காலனிகூட (பாக்டீரியாக் கூட்டம்) இல்லை. இப்படி ஆனால் பெரும்பாலும் டிஎன்ஏவை ஒட்டும் லைகேஸ் நொதியின் மேல்தான் பழி விழும். நான் முதலில் கேட்பது வேறு: ஜெல்லை எந்த வெளிச்சத்தில் வைத்து வெட்டினீர்கள்?

எடுத்துக்காட்டுக்கு ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரத மரபணு, அதாவது ஜிஎஃப்பி. நீளம் 717 பேஸ் ஜோடி (டிஎன்ஏவின் எழுத்து ஜோடி). அதைப் பியுசி19-இல் செருகப் போகிறோம், அது 2,686 பேஸ் ஜோடி. பிசிஆர், ஜெல் ஓட்டுவது, பிளாஸ்மிட் பிரிப்பது எல்லாம் உங்களுக்குக் கைவந்தவை என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பிரைமரும் வெட்டும்

பிசிஆரைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்தான் பிரைமர்கள். முன் பிரைமரில் ஹிண்ட்-3 நொதி வெட்டும் தளம், பின் பிரைமரில் ஈகோஆர்ஐ நொதி வெட்டும் தளம். தளத்துக்கு வெளியே ஆறு பேஸ் கூடுதலாக விடுங்கள். நுனியிலேயே தளம் இருந்தால் நொதி சரியாக உட்கார்ந்து வெட்டாது. ஜிஎஃப்பியில் பல வடிவங்கள் உண்டு. உங்களிடம் இருக்கும் வரிசைக்குள் இதே தளங்கள் ஒளிந்திருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

வெக்டரையும் (சுமக்கும் பிளாஸ்மிட், இங்கே பியுசி19) செருகலையும் (இங்கே ஜிஎஃப்பி) இதே இரண்டு வெவ்வேறு நொதிகளால் வெட்டுவதால் வெக்டர் தானாக மூடிக்கொள்வது குறையும், செருகலின் திசையும் முடிவாகிவிடும். நொதியின் அளவு மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள கிளிசரால் கூடினால் ஈகோஆர்ஐ கண்ட இடத்தில் வெட்டத் தொடங்கும்.

படி 2: ஜெல்லில் பட்டையை வெட்டி எடுப்பது

இங்கே நிதானமாக இருங்கள். ஆய்வகங்களில் உள்ள பழைய புற ஊதா விளக்குப் பெட்டிகள் பலவும் 302 அல்லது 312 நானோமீட்டரில் எரிபவை. அதன் மேல் ஜெல்லை வைத்து, பிளேடைத் தேடி, கண்ணாடி மாட்டி, பட்டையை நேராக வெட்டுவதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். அதற்குள் அடுத்தடுத்து இருக்கும் தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரச்சினை என்னவென்றால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பட்டை பளிச்சென்று இருக்கும், அளவுக் கருவி நல்ல எண் காட்டும், லைகேஷனும் நடக்கும். பாக்டீரியாவுக்குள் போன பிறகு அந்த டிஎன்ஏவைப் படியெடுக்க முடியாது. எங்கள் ஆய்வகத்தில் நகராமல் நின்ற ஒரு வேலை, விளக்கை மாற்றியதும் நகர்ந்தது.

நீல ஒளிப் பெட்டி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 365 நானோமீட்டர், அதுவும் சில விநாடிகள்தான். இரண்டுமே இல்லாத கல்லூரிகளுக்கு நான் சொல்வது கிரிஸ்டல் வயலட் சாயம். ஜெல்லிலேயே கலந்துவிட்டால் சாதாரண வெளிச்சத்தில் பட்டை ஊதா நிறத்தில் தெரியும். டிஎன்ஏ கொஞ்சம் அதிகமாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். விலையும் மலிவு.

அப்புறம் வெட்டிய ஜெல்லிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும் வடிகுழாயில் (column) கழுவிய பிறகு, காலி வடிகுழாயை இன்னொரு முறை இரண்டு நிமிடம் சுழற்றுங்கள். எத்தனால் மிச்சமிருந்தால் அடுத்த படிக்குக் கேடு.

படி 3: லைகேஷன்

வெக்டர் ஒன்றுக்குச் செருகல் மூன்று என்ற விகிதம் மூலக்கூறு எண்ணிக்கையில் பார்ப்பது, எடையில் அல்ல. 50 நானோகிராம் வெக்டர் எடுத்தால்: 50 × 717 ÷ 2,686 × 3, ஏறக்குறைய 40 நானோகிராம் செருகல்.

டி4 லைகேஸின் பஃபரில்தான் (கரைசல்) அதற்கு ஆற்றல் தரும் ஏடிபி இருக்கிறது. உறைய வைத்து உருக்க உருக்க அது கெடும். புதுக் குழாய் வந்த அன்றே 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து வைத்துவிடுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பஃபரிலுள்ள டிடிடி என்ற வேதிப்பொருள், உள்ளங்கையில் வைத்துக் கரைத்துக்கொள்ளலாம். 16 டிகிரியில் ஒரு இரவு. இந்த நொதிகள் விடும் ஒட்டும் முனைகளுக்கு (ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருப்பவை) விலையுயர்ந்த அதிவேக லைகேஸ் வாங்குவது வீண்செலவு.

படி 4: டிரான்ஸ்ஃபார்மேஷன்

டிஹெச்5 ஆல்பா (ஈ.கோலை பாக்டீரியா வகை) செல்கள் 50 மைக்ரோலிட்டர், லைகேஷன் கலவை 5 மைக்ரோலிட்டருக்கு மேல் வேண்டாம். பனியில் 30 நிமிடம், 42 டிகிரியில் 45 விநாடி, மீண்டும் பனியில் 2 நிமிடம். எஸ்ஓசி என்ற வளர்ப்புத் திரவம் ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம். ஆம்பிசிலின் (பிளாஸ்மிட் ஏறாத செல்களைத் தடுக்கும் மருந்து), எக்ஸ்-கால் (நீல நிறம் தருவது), ஐபிடிஜி (அந்த நிறத்துக்கான நொதியைத் தூண்டுவது) கலந்த பிளேட்டில் பரப்புங்கள். செருகல் ஏறியது வெள்ளைக் காலனி, ஏறாதது நீலம்.

கூடவே மூன்று பிளேட்டாவது போடுங்கள். வெட்டாத பியுசி19 பிளேட்டிலும் காலனி இல்லையென்றால் செல்களையோ பிளேட்டையோ பாருங்கள். வெட்டிய வெக்டரை லைகேஸ் இல்லாமல் போட்ட பிளேட்டில் நிறைய நீலம் வந்தால் வெட்டு முழுமையாக நடக்கவில்லை. டிஎன்ஏவே இல்லாத செல்கள் வளர்ந்தால் ஆம்பிசிலின் செத்துவிட்டது, கொதிக்கும் அகாரில் ஊற்றியிருப்பீர்கள். செருகலுக்கான பிசிஆர் வார்ப்பும் ஆம்பிசிலின் எதிர்ப்புள்ள பிளாஸ்மிட்தான் என்றால், டிபிஎன்-1 நொதியால் அதை அழித்துவிட்டுத் தொடருங்கள். இல்லாவிட்டால் பழைய பிளாஸ்மிட்டே வெள்ளைக் காலனியாக வந்து ஏமாற்றும்.

ஒரு மரபணுவிலிருந்து நூலகத்துக்கு

நூலகம் என்றால் ஓர் உயிரியின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாகச் சுமக்கும் குளோன்களின் தொகுப்பு. இந்த ஜிஎஃப்பியே நூலகத்திலிருந்து எடுத்த மரபணுதான். ஜெல்லிமீனின் எம்ஆர்என்ஏவிலிருந்து சிடிஎன்ஏ (எம்ஆர்என்ஏவைப் பார்த்துச் செய்த டிஎன்ஏ நகல்) நூலகம் கட்டி, அதில் தேடி எடுத்து, டக்ளஸ் பிராஷர் குழுவினர் 1992-இல் அதன் வரிசையை வெளியிட்டார்கள்.

பழகுவதற்கு ஈ.கோலை ஜீனோம் (அதன் முழு டிஎன்ஏ) நல்லது, சுமார் 46 லட்சம் பேஸ் ஜோடி. சாவ்3ஏஐ நொதியால் அரைகுறையாக வெட்டி, 5,000 பேஸ் ஜோடி அளவுத் துண்டுகளைப் பிரித்து, பாம்ஹெச்ஐயால் வெட்டிய பியுசி19-இல் சேருங்கள். இரண்டும் விடும் நான்கெழுத்து முனை ஒன்றேதான். ஆனால் இங்கே வெக்டருக்கு ஒரே நொதி என்பதால், அது தானாக மூடிக்கொள்வதைத் தடுக்கும் பாஸ்ஃபட்டேஸ் நொதி போடாமல் இறங்காதீர்கள்.

எத்தனை காலனி வேண்டும்? 46 லட்சத்தை 5,000-ஆல் வகுத்து 920 போதும் என்று தோன்றும். துண்டுகள் வரிசையாக வந்து ஏறுவதில்லையே. 920 எடுத்தால், நீங்கள் தேடும் பகுதி அதில் இருக்க வாய்ப்பு 63 விழுக்காடுதான். கிளார்க், கார்பன் இருவரும் 1976-இல் தந்த சூத்திரப்படி 99 விழுக்காட்டுக்குச் சுமார் 4,200 வெள்ளைக் காலனிகள் தேவை. நூலகத்தை அடிக்கடி வளர்த்துப் பெருக்காதீர்கள், வேகமாக வளரும் குளோன்கள் மற்றவற்றை அமுக்கிவிடும்.

பின்சேர்க்கை

பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் காலனிகள் வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அவை துணைக் காலனிகள், தொடாதீர்கள். பெரிய காலனி தன்னைச் சுற்றியுள்ள ஆம்பிசிலினைச் சிதைத்துவிடுவதால் வருபவை. 16 மணி நேரத்தில் பிளேட்டை வெளியே எடுங்கள், அல்லது ஆம்பிசிலினுக்குப் பதில் கார்பெனிசிலினுக்கு மாறுங்கள். நிறம் வெளிறிக் குழப்பினால், எண்ணுவதற்கு முன் பிளேட்டைச் சில மணி நேரம் 4 டிகிரியில் வையுங்கள். நீலம் அடர்த்தியாகிவிடும்.