ஏ.எல். முடித்த பிள்ளைக்கு: மருத்துவபீட விண்ணப்பத்தை நிரப்பும் விதம்

பெறுபேறு வந்த அன்று பின்னேரமே திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுப் படலைச் சத்தம் தொடங்கிவிடும். பதினைந்து வருடமாக உயர்தர (ஏ.எல்.) வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ரீச்சர், இசட் இவ்வளவு வந்திருக்கு, மெடிசின் கிடைக்குமா?" இசட் என்றால் மூன்று பாடத்துப் புள்ளிகளிலிருந்தும் கணக்கிடுகிற இசட் புள்ளி. அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஆனால் கிடைக்க வேண்டிய பிள்ளைக்கு விண்ணப்பத்தில் விட்ட பிழையால் கிடைக்காமல் போகக்கூடாது. அது நடந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2003ஆம் ஆண்டு நான் மூதூரிலிருந்து லோஞ்சியில் திருகோணமலைக்கு வந்து டியூஷன் படித்தவள். விண்ணப்பத்தில் மருத்துவம், பல் மருத்துவம் இரண்டை மட்டும் எழுதினேன். மற்றதை எழுதினால் மனம் தளர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பினேன். இரண்டும் வரவில்லை. என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்த சிநேகிதி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக, நான் ஒரு முழு வருடம் வீட்டில் இருந்தேன். அடுத்த முறை முழுதாக நிரப்பித்தான் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடம் கிடைத்தது.

எங்கள் இலங்கையில் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மருத்துவபீடம் போகலாம். எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம், பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அமெரிக்காவில் பொதுவாக நாலு வருடம் ஒரு பட்டம் படித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டு வருடத் திட்டம்போல, பள்ளிக்கூடத்திலிருந்தே இரண்டுக்கும் சேர்த்து எடுக்கிற இடங்கள் அங்கே கொஞ்சம்தான். அவற்றுக்குக் கட்டுரை எழுத வேண்டும், சிலவற்றுக்கு நேர்முகத்துக்கும் போக வேண்டி வரும். இங்கே அரச மருத்துவபீடத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. இசட் புள்ளியும் மாவட்டமும் நீங்கள் எழுதும் வரிசையும்தான் கணக்கு. அதனால்தான் அந்த வரிசையில் இவ்வளவு கவனம் வேண்டும் என்கிறேன்.

முதலில், ஓ.எல். (சாதாரண தரம்) முடித்துப் பாடம் தெரிவு செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். மருத்துவம் வேண்டுமென்றால் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பௌதிகவியலுக்குப் பயந்து விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவத்தின் கதவு அன்றே சாத்தப்படும். ஒவ்வொரு வருடமும் இதை இரண்டாம் வருடத்தில் வந்து கேட்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது எனக்குப் பெரிய கஷ்டம். மூன்று பாடத்திலும் குறைந்தது இரண்டு சீ (திறமைச் சித்தி), ஒரு எஸ் (சாதாரண சித்தி) இருக்க வேண்டும். கொமன் ஜெனரல் பேப்பர் என்ற பொதுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. ஆனால் இது வாசற்படி மட்டுமே. போட்டி நடப்பது இசட் புள்ளியில்.

அந்த இசட் புள்ளியைக் கண்டு பயப்பட வேண்டாம். பேராதனைப் பேராசிரியர் தட்டில் வகுத்த முறை அது. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் உங்கள் புள்ளி 70, எல்லாருடைய சராசரி 50, நியம விலகல் 20 என்று வையுங்கள். 70இலிருந்து 50ஐக் கழித்து 20ஆல் பிரித்தால் 1. மற்ற இரண்டு பாடத்துக்கும் இப்படியே 1.6, 1.9 வந்தால், மூன்றையும் கூட்டி மூன்றால் பிரிக்க 1.5. பெறுபேற்றில் தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் போட்டிருப்பார்கள், அந்த நாலாம் இலக்கத்தில் இடம் தவறிய பிள்ளைகளும் உண்டு. பேப்பர் கஷ்டமாக வந்தால் எல்லாருக்கும் கஷ்டம், சராசரியும் இறங்கும். ஆகவே ஒரு பேப்பர் பிழைத்துவிட்டது என்று அழுதுகொண்டு அடுத்த பேப்பரைக் கெடுக்காதீர்கள்.

மாவட்ட விசயத்தில் எங்கள் ஊர்ப் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். மருத்துவ இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. பிள்ளையின் மாவட்டத்தைத் தீர்மானிப்பது வீட்டு விலாசம் அல்ல, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் அது படித்த பள்ளிக்கூடம். "நல்ல டியூஷன் இருக்கு" என்று ஓ.எல். முடிந்த கையோடு பிள்ளையைக் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மாற்றும் வீடுகளுக்கு நான் மன்றாடிச் சொல்வது இதைத்தான்: மாற்றுவதற்கு முன்னே பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் மாவட்டம் பற்றிய பந்தியை ஆறுதலாகப் படியுங்கள். அங்கே போனால் அந்த மாவட்டத்து வெட்டுப்புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டி வரலாம். போன வருட வெட்டுப்புள்ளிகள் மாவட்ட வாரியாகக் கைநூலிலேயே இருக்கும். அதை ஒரு பென்சிலோடு பாருங்கள்.

இனி வரிசைக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து யூனிகோட் என்று ஒரு குறியீடு இருக்கும். கொழும்பு மருத்துவம் ஒரு கோட், யாழ்ப்பாண மருத்துவம் வேறொரு கோட். எழுதாத கோட்டுக்கு உங்களை எடுக்கமாட்டார்கள். மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் புள்ளி எட்டுகிற முதலாவது இடத்தைத் தருவார்கள். மேலே ஒரு பெரிய இடத்தை எழுதியதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் மருத்துவத்துக்கு மேலே வேறொன்றை எழுதி, அது எட்டிவிட்டால், மருத்துவம் போய்விடும்.

கொஞ்சக் காலத்துக்கு முன் மூதூர்ப் பக்கமிருந்து ஒரு பிள்ளை தாயோடு வந்தாள். தகப்பன் கடற்தொழில். கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். முதலாவதாகக் கொழும்பு என்று எழுதினாள். தாய் மெல்லக் கேட்டா, "கொழும்பில இருக்கிற செலவுக்கு நாங்க எங்க மகள் போறது? மட்டக்களப்பெண்டா பஸ்ஸில வந்து பாத்திட்டுப் போகலாம்." பிள்ளை ஒன்றும் பேசாமல் அழிறப்பரை எடுத்தாள். நான் கையைப் பிடித்தேன். விடுதி, மஹாபொல புலமைப்பரிசில், பல்கலைக்கழக உதவுதொகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அழி என்றேன். மூன்று பேரும் இருந்து கணக்குப் பார்த்தோம். அதன் பிறகு அவளே எழுதினாள்: மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணம், பேராதனை, அதற்குப் பிறகு கொழும்பும் மற்ற மருத்துவபீடங்களும். எந்தப் பீடத்தில் படித்தாலும் எம்.பி.பி.எஸ். ஒன்றுதான். அடுத்து பேராதனையில் பல் மருத்துவம், மிருக வைத்தியம்.

அதற்குக் கீழே கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்துச் சித்த மருத்துவத்தை எழுதத் தயங்கினாள். "ஆக்கள் என்ன சொல்லுவாங்க ரீச்சர்?" ஆக்களை விடு, கிடைத்தால் மனதோடு போய்ப் படிப்பாயா என்று கேட்டேன். படிப்பேன் என்றாள். அப்படியானால் எழுது. போகவே மாட்டாத ஒன்றை இடம் நிரப்ப எழுதாதீர்கள். போகக்கூடிய ஒன்றை வெட்கத்தால் விடாதீர்கள். இயன்மருத்துவம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், தாதியியல், உயிரியல் விஞ்ஞானம் என்று கலண்டர் தாள் அடிமட்டும் நிரம்பியது.

இந்தத் தாளைப் பெறுபேறு வருவதற்கு முன்பே ஒருமுறை எழுதி வைத்தால் நல்லது. வந்த பிறகு வீட்டில் ஆளுக்கொரு கதை, பிள்ளைக்குத் தலை சுற்றும்.

கடுதாசிகளைப் பற்றிச் சுருக்கமாக. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சை விண்ணப்பம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். என் தங்கையின் மகனுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து மாறிக் கிடந்தது. திருத்தப் போன அலுவலகத்தில் மூன்று தரம் நாளை வா என்றார்கள், கடைசி நாள் நெருங்க வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. படித்த காலத்தை அதிபரிடம் உறுதிப்படுத்த வேண்டும். கடைசி மூன்று வருடத்தில் இரண்டு பள்ளிக்கூடம் என்றால் இரண்டிலிருந்தும் எடுங்கள். ஒன்லைனில் நிரப்ப நெட் கடைக்குப் போகும் பிள்ளைகள் கோட்டைத் தாங்களே அடியுங்கள். கடைக்கார அண்ணா அவசரத்தில் ஒரு எழுத்தை மாற்றி அடித்தால் பல்கலைக்கழகமே மாறும். அனுப்ப முன் வாய்விட்டு வாசித்துக் கலண்டர் தாளோடு ஒத்துப் பாருங்கள். அச்செடுத்த பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

முதல் தடவையில் வராவிட்டால் செகண்ட் ஷை எழுதலாம். மூன்று தடவைக்குள் பெற்ற பெறுபேறு வரைதான் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் கிடைத்த வேறு பாடநெறிக்குப் பதிவு செய்துகொண்டு மறுபடி விண்ணப்பிக்க நினைப்பவர்கள், பதிவுக்கு முன்னரே அதற்கான விதியைக் கைநூலில் படித்துவிடுங்கள். வெளிநாட்டில் மருத்துவம் என்று முகவர் யாரும் வந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றிருக்கிறதா என்று சபையிடமே விசாரியுங்கள். படித்துவிட்டு வந்தாலும் இங்கே ஈ.ஆர்.பி.எம். பரீட்சை எழுதித்தான் பதிவு. இதெல்லாம் தெரிய முதல் காணியை ஈடு வைக்காதீர்கள்.

விண்ணப்பம் போன பிறகு காத்திருக்கும் மாதங்கள் நீளம். மருத்துவபீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில், நீங்கள் படித்ததோ தமிழில். ஒரு கொப்பியில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கலமென்சவ்வு, வலப்பக்கம் செல் மெம்பிரேன். இடப்பக்கம் குருதிச் சுற்றோட்டம், வலப்பக்கம் பிளட் சர்க்குலேஷன். உயிரியல் புத்தகத்தின் முதலாம் அலகிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். மூதூர்ப் பிள்ளை மட்டக்களப்பு மருத்துவபீடத்துக்குப் போகும்போது அப்படி நிரம்பிய இரண்டு கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.