டெல்டா மாவட்டத் தொழில்நுட்ப நிறுவனத்தார் தொழில் அமைப்புகளில் சேர்ந்து பயன்பெறுவது எப்படி?

திருச்சியிலோ தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மென்பொருள் நிறுவனம் நடத்துபவரின் மேசைக்கு ஆண்டுதோறும் இரண்டு மூன்று சந்தாப் படிவங்களாவது வந்து சேர்கின்றன. மென்பொருள் நிறுவனங்களுக்கான நாஸ்காம், எல்லாத் தொழில்களுக்குமான சிஐஐ (இந்தியத் தொழில் கூட்டமைப்பு) போன்ற தேசிய அமைப்புகள் ஒரு பக்கம் அழைக்கின்றன. மாவட்டச் சிறுதொழில் சங்கமும் ஊர் வர்த்தகர் சங்கமும் இன்னொரு பக்கம் அழைக்கின்றன. இங்குள்ள பலர் "சென்னைக்காரர்களுக்குத்தான் அது" என்று சொல்லி எதிலும் சேர்வதில்லை. வேறு சிலர் எல்லாவற்றிலும் சேர்ந்து, சான்றிதழ்களை வரவேற்பறைச் சுவரில் மாட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். சந்தா கட்டுவதால் மட்டும் எந்த நிறுவனத்துக்கும் பலன் வருவதில்லை. முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர், ஒரே ஒரு சங்கத்தின் ஒரே ஒரு குழுவிலாவது அமர்ந்து வேலை பார்க்கும்போதுதான் பலன் தொடங்குகிறது. கீழே உள்ளவை அந்த நோக்கில் எழுதப்பட்டவை.

எந்தப் பலனை எதிர்பார்த்துச் சேர வேண்டும்?

பலரும் முதலில் எதிர்பார்ப்பது புதிய வாடிக்கையாளர்களைத்தான். அது வந்தாலும் தாமதமாகத்தான் வரும். ஒரு விதி சட்டமாவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்வதும், அந்த விதியைத் திருத்தச் சொல்லும் குரலில் தம் குரலையும் சேர்ப்பதுமே தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைவருக்கு விரைவாகக் கிடைக்கும் பெரிய பலன்.

ஓர் எடுத்துக்காட்டு. 2022 ஏப்ரல் 28 அன்று இணையப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் ஓர் ஆணையை வெளியிட்டது. ஊடுருவல் நிகழ்ந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்பன அதன் முக்கிய நிபந்தனைகள்; 60 நாள்களில் நடைமுறைக்கு வரும் என்றும் சொல்லப்பட்டது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒன்றால் அந்தக் கெடுவுக்குள் கருவிகளை வாங்கிப் பொருத்தி, ஆளையும் பயிற்றுவித்திருக்க முடியாது. தொழில்துறையினரின் கோரிக்கைகள் குவிந்த பின், ஜூன் 27 அன்று, சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் செப்டம்பர் 25 வரை கெடு நீட்டிக்கப்பட்டது. அமைப்புகளின் சுற்றறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது உடனே தெரிந்திருக்கும். மற்றவர்கள் பிறகு ஆடிட்டர் சொல்லிக் கேட்டிருப்பார்கள்.

டெல்டாவுக்கு இன்னும் நெருக்கமானது 2020 நவம்பர் 5 அன்று தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட புதிய நெறிமுறை. பிற நிறுவனங்களின் வேலையை வெளியிலிருந்து செய்துதரும் பிபிஓ போன்ற சேவை நிறுவனங்கள் அதுவரை தனிப் பதிவு, வங்கி உத்தரவாதம் முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தன. ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கும் கெடுபிடிகள் இருந்தன. நாஸ்காம் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த தளர்வு அந்த நாளில் வந்தது. திருவையாற்றிலும் மன்னார்குடியிலும் வீட்டுத் திண்ணைக்குப் பின்னாலுள்ள அறையில் அமர்ந்து அயல்நாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர்கள், அந்தத் தளர்வின் பலனை அதன் பெயர்கூடத் தெரியாமல் அனுபவிக்கிறார்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான வரைவு விதிகள் 2025 ஜனவரி 3 அன்று வெளியானபோதும் கருத்துச் சொல்ல முதலில் பிப்ரவரி 18 வரைதான் கெடு. பிறகு மார்ச் 5 வரை நீட்டித்தார்கள். மருத்துவமனை பில்லிங் மென்பொருள் விற்கும் கும்பகோணத்து நிறுவனத்துக்கு அந்த விதிகளில் நேரடி அக்கறை உண்டு. ஆனால் வரைவைப் படித்து, விதி எண் வாரியாகக் கருத்து எழுதும் ஆள் அதனிடம் இருக்க மாட்டார். சங்கத்தின் குழு கேட்கும்போது, "நோயாளியின் ஒப்புதலைப் பதிவு மேசையில் இப்படித்தான் வாங்குகிறோம், உங்கள் விதிப்படி செய்தால் இந்த இடத்தில் சிக்குகிறது" என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். தலைநகரில் இருந்தபடி மனு எழுதுபவருக்கு இத்தகைய களச் செய்தி அரிது. அது கிடைத்தால் மனுவின் எடை கூடும்.

உள்ளூர்ப் பலனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள் எது என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது, சாலை தோண்டும்போது கண்ணாடியிழைக் கம்பி அறுபடாமல் இருக்க மாநகராட்சியோடு பேசுவது போன்றவற்றை ஒரு நிறுவனம் தனியாகக் கேட்டால் அது புகாராகத்தான் பார்க்கப்படும். பன்னிரண்டு நிறுவனங்கள் சேர்ந்து கேட்டால் ஆட்சியர் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இடம்பெறும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சில பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அயல்நாட்டு வாடிக்கையாளரிடம் புயலைக் காரணம் காட்டி ஒருமுறை தப்பிக்கலாம். இரண்டாம் முறை அவர் மாற்று ஏற்பாடு என்னவென்று கேட்பார். திருச்சியில் ஜெனரேட்டர் வசதியோடு இருக்கும் சக உறுப்பினரின் அலுவலகத்தில் ஐந்து இருக்கைகளை அவசரக் காலத்தில் பயன்படுத்திக்கொள்ள ஒரு பக்க உடன்படிக்கையை ஐப்பசி மழைக்கு முன்பே எழுதிவைக்கலாம். அத்தகைய ஏற்பாடு பெரும்பாலும் சங்கத்தில் பழகியவர்களுக்குள்தான் சாத்தியம்.

எந்தச் சங்கத்தைத் தேர்ந்தெடுப்பது?

நிறுவனத்தின் வருவாய் எங்கிருந்து வருகிறது என்பதே முதல் அளவுகோல். அயல்நாட்டுக்குச் சேவை ஏற்றுமதி செய்பவர் 1988-ல் தொடங்கப்பட்ட நாஸ்காமைப் பரிசீலிக்கலாம். சந்தா ஆண்டு வருவாய்ப் படிநிலைக்கு ஏற்பக் கூடும், சிறிய நிறுவனங்களுக்கு அடிப்படிநிலை உண்டு. உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கு மென்பொருளோ தானியக்கக் கருவிகளோ விற்பவர் சிஐஐயின் திருச்சிப் பிரிவையும், மாவட்டச் சிறுதொழில் சங்கமான டிடிட்சியாவையும், பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த துவாக்குடிச் சிறுதொழிலாரின் பெல்சியாவையும் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு வழியும் உண்டு. உங்கள் வாடிக்கையாளர்கள் கூடும் சங்கத்தில் இணை உறுப்பினராகச் சேரலாம். நவீன அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்பவருக்குப் பத்து தொழில்நுட்பக் கருத்தரங்குகளைவிட ஆலை உரிமையாளர் சங்கத்தின் ஒரு மாதக் கூட்டம் அதிகம் கற்றுத்தரும். கொள்முதல் பருவத்தில் ஈரப்பத அளவு, சாக்குக் கணக்கு, லாரி வாடகை ஆகியவற்றில் எங்கே தகராறு வருகிறது என்பதை அங்கே காதால் கேட்கலாம். உள்நாட்டில் மட்டும் விற்கும் சிறு நிறுவனத்துக்கு, என் கணிப்பில், தேசிய மென்பொருள் அமைப்பைவிட இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

தூரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 95 கிலோமீட்டர். அழைப்பிதழில் மாலை 6.30 என்றிருக்கும், குத்துவிளக்கு ஏற்றும்போது ஏழேகால் ஆகிவிடும், வரவேற்புரையும் பொன்னாடையும் முடிந்து பொருளுக்கு வரும்போது எட்டு மணி. உணவின்போது நடக்கும் பேச்சுக்காகத்தான் பாதிப் பேர் வந்திருப்பார்கள். வெளியூர்க்காரரோ அப்போது பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே குழுக் கூட்டங்களைக் காணொளியில் நடத்துகிறார்களா, பகலில் நடத்துகிறார்களா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

படிவத்தில் கையெழுத்திடும் முன்

சங்கத்தின் துணைவிதிகளைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் சங்கத்தில் சேராதீர்கள். துணைவிதிகளில் பார்க்க வேண்டியவை: இணை உறுப்பினருக்கு வாக்குரிமை உண்டா, நிர்வாகிகளுக்குப் பதவிக்கால வரம்பு உண்டா, தணிக்கை செய்த கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படுகிறதா. பல சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அவை ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். ஒரே குடும்பத்தார் பதினைந்து ஆண்டுகளாக மாறி மாறித் தலைவராக இருக்கும் சங்கத்தில் உங்கள் கோரிக்கை எந்த வரிசையில் நிற்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உறுப்பினர் பதவியை இயக்குநரின் பெயரில் அல்லாமல் நிறுவனத்தின் பெயரில் எடுத்து, பிரதிநிதியாக ஒருவரையும் மாற்றுப் பிரதிநிதியாக இன்னொருவரையும் குறிப்பிடுங்கள். இயக்குநர் விலகினாலும் இடம் நிறுவனத்திடமே இருக்கும். சந்தாவைத் தொழில் செலவாகக் காட்டுவதிலும் சிக்கல் வராது. சங்கம் ஜிஎஸ்டி பதிவு பெற்றதாக இருந்தால் சந்தாவுடன் 18 சதவீத வரி சேரும். உள்ளீட்டு வரி வரவைப் (கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வதைப்) பற்றி ஆடிட்டரிடம் கேட்பதற்கு முன், விலைப்பட்டியலில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டட நிதி, மாநாட்டு நன்கொடை என்று தனியாகக் கேட்கும் தொகை சந்தா ஆகாது. அதைத் தனியாகவே முடிவு செய்யுங்கள்.

(சந்தாவுக்கு முனகுவோருக்கு ஒரு செய்தி: திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் 1088-ல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, கப்பலில் வருவோர் குழுவுக்குப் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தைத்தான் பேசுகிறது.)

முதல் ஆண்டில் செய்ய வேண்டியவை

எல்லாக் கூட்டங்களுக்கும் போக முயலாதீர்கள். ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்துச் செயலரிடம் ஒரு சிறு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பெடுக்கும் வேலைக்கு யாரும் போட்டியிடுவதில்லை. ஆனால் கூட்டக் குறிப்பை எழுதுபவர் கையில்தான் அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியல் உருவாகிறது. அரசுக்கு அனுப்பும் மனுவை வரையும் வாய்ப்பு வந்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் பத்தியில் எந்த விதி, எந்தப் பிரிவு என்பதும், இரண்டாவதில் அதனால் எத்தனை நிறுவனங்களுக்கு என்ன இடர்ப்பாடு என்பதும், மூன்றாவதில் அந்த விதியை எந்தச் சொற்களில் திருத்த வேண்டும் என்பதும் இருக்கட்டும். "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று மட்டும் முடியும் மனுவை வைத்து அதிகாரி எதையும் எழுத முடியாது.

ஆள் சேர்ப்பிலும் குழுவைப் பயன்படுத்தலாம். திருச்சி என்ஐடி, சாஸ்த்ரா, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் என இங்கே கல்வி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. படித்தவர்கள் ரயிலேறி விடுவதுதான் குறை. தனி நிறுவனம் கேட்டால் பயிற்சி மாணவர் இருவர் கிடைக்கலாம். எட்டு நிறுவனங்கள் ஒரு குழுவாகப் போய், ஆறு மாதப் பயிற்சிக்கு முப்பது இடங்கள் தருகிறோம், இறுதியாண்டுத் திட்டப்பணிகளை நாங்கள் தருகிறோம் என்றால் கல்லூரி நிர்வாகம் பாடத்திட்டம் வரை பேச முன்வரும். திருச்சியை அடுத்த நவல்பட்டிலுள்ள எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவோடு, 2024-ல் தஞ்சாவூரில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்காவும் சேர்ந்திருப்பதால், இந்தப் பேச்சுக்கு இப்போது முன்பைவிட மதிப்பு உண்டு.

பேசக் கூடாதவை

ஆள் சேர்ப்புப் பேச்சு எல்லை தாண்டும் இடம் ஒன்று உண்டு. "என் ஆளை நீ எடுக்காதே, உன் ஆளை நான் எடுக்க மாட்டேன்", "புதியவருக்கு இதற்குமேல் சம்பளம் தர வேண்டாம்", "மணிக்கு இந்த விலைக்குக் கீழே யாரும் இறங்க வேண்டாம்" ஆகிய மூன்றும் நட்பாகச் சொல்லப்பட்டாலும் வில்லங்கமானவை. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் நிறுவனங்களுக்கு இடையிலான உடன்பாட்டை மட்டுமன்றி, சங்கத்தின் முடிவையும் வழக்கத்தையும்கூடத் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. பொறுப்பிலிருந்த நிர்வாகிகள் தனிப்பட்ட முறையிலும் பதில் சொல்ல வேண்டிவரும். 2012-ல் இந்தியப் போட்டி ஆணையம் சிமெண்டு நிறுவனங்கள் 11-க்கும் அவற்றின் சங்கத்துக்கும் சேர்த்து ரூ.6,000 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. சங்க மேடை வழியாகத் தகவல் பரிமாறப்பட்டதும் அந்த ஆணையில் பேசப்பட்டது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. ஆள் எடுக்காமை உடன்பாட்டைப் பொறுத்தவரை, ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகியவை அமெரிக்காவில் தம் ஊழியர்கள் தொடுத்த வழக்கைத் தீர்க்க 41.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதும், அதை 2015-ல் நீதிமன்றம் ஏற்றதும் பதிவில் உள்ளவை. இத்தகைய பேச்சு எழுந்தால் மறுப்பைச் சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்து எழுந்துவிடுங்கள். சம்பள நிலவரம் வேண்டுமென்றால், வெளியார் ஒருவர் பெயர் நீக்கித் தொகுத்த பழைய தரவு போதும்.

சங்கம் தராதவை

சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைச் சங்கம் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று யாராவது கட்டணம் கேட்டால் நம்பாதீர்கள்; அது அரசுத் தளத்தில் இலவசம். நிலுவைத் தொகைக்கு 45 நாள் கெடுவும், குறு, சிறு நிறுவன வசதியாக்கக் குழுவிடம் முறையிடும் உரிமையும் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் தருபவை. உறுப்பினர் அட்டை அதற்குத் தேவையில்லை. மென்பொருள் ஏற்றுமதிக்கான எஸ்டிபிஐ (மத்திய அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு) பதிவும் தனி. ஆயினும், பெரிய நிறுவனம் ஒன்று பணத்தை இழுத்தடிக்கும்போது முறையீட்டை எப்படி எழுதுவது, எந்த ஆவணத்தை முதலில் வைப்பது என்பதை ஏற்கெனவே அந்த வழியில் போய்வந்த உறுப்பினரிடம்தான் கேட்டறிய முடியும்.

சந்தா பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானது. ஆகவே பிப்ரவரியில் ஒரு தாளில் மூன்றைக் குறியுங்கள்: முன்கூட்டியே தெரிந்துகொண்ட விதிகள், உங்கள் வரிகள் இடம்பெற்ற மனுக்கள், கைபேசியில் நேரடியாக அழைக்கக்கூடிய சக உறுப்பினர்கள். முதல் ஆண்டில் மூன்றாவது மட்டும் நிரம்பியிருந்தாலும் தொடரலாம். இரண்டாம் ஆண்டும் முதல் இரண்டும் வெறுமையாக இருந்தால், முதலில் குழுவை மாற்றிப் பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் மார்ச் முடிவதற்குள் விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்துப் பெறுகை பெற்றுக்கொள்ளுங்கள். சில சங்கங்களின் துணைவிதிப்படி, கடிதம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுச் சந்தா உங்கள் பெயரில் நிலுவையாக ஏறிவிடும்.