பணகுடி மலையடில லைடார் வைக்கப் போறீங்களா, இத படிச்சிட்டு வைங்க

அண்ணாச்சி, சமதரைல வைக்கிற மாதிரி மலையடில லைடார, அதான் லேசர் விட்டு காத்து வேகத்த அளக்குற கருவிய, வச்சிராதீங்க. அது லேசர கூம்பு மாதிரி மேல விட்டு, தூசில பட்டு திரும்புற ஒளியோட அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்குன்னு பாத்துதான் வேகத்த கணக்கு போடுது, நேர் மேல இருந்து 30 டிகிரி சாய்வுன்னா 100 மீட்டர் உசரத்துல அந்த கூம்போட வட்டம் குறுக்க 115 மீட்டர் வந்திரும், அம்புட்டு இடத்துலயும் காத்து ஒண்ணுபோல வீசுதுன்னு அது நெனச்சுக்கிடும். ஆரல்வாய்மொழி கணவாய்ல வர்ற ஆடிக்காத்து ஒண்ணுபோலயா வீசும்? மலைல ஏறி வளைஞ்சுல்லா இறங்கும். அதனால முகட்ட ஒட்டி வைக்காம தள்ளி வைங்க, மட்டம் பாருங்க, வடக்கு சரியா செட் பண்ணுங்க. பக்கத்துல கப் அனிமோமீட்டர் (கிண்ணம் சுத்தி காத்து வேகத்த அளக்குற கருவி) வச்ச மாஸ்ட் கம்பம் இருந்தா ஒப்பிடுங்க, இல்லன்னா சிஎஃப்டி மாடல் (காத்து ஓடுற விதத்த கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது) வச்சு திருத்தணும். மழை பெஞ்சு காத்து ரொம்ப சுத்தமானாலும் சிக்னல் கொறையும், அது ஒரு கூத்து.