குளக்கோட்டனில் தொடங்காதீர்கள்: திருகோணமலைக் குடும்ப வரலாறு எழுதுவோர் செய்யும் தவறுகள்

தம்பலகாமத்து வயல்வெளியை விட்டு வெளிநாடு போன குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள்: "எங்கட ஆக்கள் எங்கேயிருந்து வந்தவை?" கேட்பதே சந்தோஷம். ஆனால் தேடத் தொடங்கியதும் பெரும்பாலானோர், கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனிடம் நேரே போய்விடுகிறார்கள். முதல் தவறு அதுதான்.

குளக்கோட்டன் கோயிற் பணிகளைச் செய்யவென்று ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினான், வன்னிபம், தானத்தார், வரிப்பத்தார் என்று கடமைகளைப் பிரித்துக் கொடுத்தான் என்பது கோணேசர் கல்வெட்டு சொல்லும் கதை. பெயரைப் பார்த்துப் பலர் அதைக் கல்லில் வெட்டிய சாசனம் என்றே நம்புகிறார்கள். அது கவிராசவரோதயன் பெயரில் வழங்கும் நூல். கோயில் தொழும்பு (கோயிற் பணி) முறையை அறிய அருமையான சான்று. ஆனால் உங்கள் பூட்டனுக்கும் குளக்கோட்டனுக்கும் இடையில் வாழ்ந்தவர்களின் பெயர்களை அதில் தேடக்கூடாது. உங்கள் குடும்பம் தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயிலில் என்ன தொழும்பு செய்தது என்று வீட்டில் சொல்வார்களே, அதைத் தவறாமல் எழுதி வையுங்கள். குடும்ப மரத்தில் மட்டும் அதை ஏற்ற வேண்டாம், தனித்தாளில் இருக்கட்டும்.

அடுத்தது, நான் பல வருடங்களை வீணாக்கிய தவறு. அப்பா, அப்பப்பா, அவரின் தகப்பன் என்று ஆண்வழியையே பிடித்துக்கொண்டு போனேன். நாங்கள் இருந்த வளவின் உறுதியை (காணிப் பத்திரத்தை) அப்பப்பாவின் பெயரில் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். கடைசியில் அது அம்மம்மாவின் தாயின் பெயரில் இருந்தது. நம் பகுதியில் வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே நிலத்தின் வரலாறு பெண்கள் வழியாகத்தான் ஓடுகிறது.

பழைய உறுதி ஒன்று கையில் கிடைத்தால் உரிமையாளர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு எல்லைகளையும் வாசியுங்கள். வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே இன்னாரின் மனைவி இன்னாரின் வளவு என்று எழுதியிருக்கும். தாய் தன் வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், அந்த எல்லைக்காரர் பலர் சகோதரிகளாகவே இருப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத இரண்டு பெரியம்மாக்களை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். பிறகு அதே உறுதியில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களைப் பார்த்தேன். ஒருவர் மைத்துனர்.

பெயர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து தகப்பனுடையது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் இரண்டு தலைமுறை தாண்டித் திரும்ப வரலாம். வருடத்தைப் பார்க்காமல் இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள். ஊர்ப் பெயரும் அப்படியே. மூதூரைப் பழைய ஆவணங்களில் தேடுவோர் கொட்டியாரப்பற்று என்ற பெயரிலும் பார்க்க வேண்டும். தம்பலகாமம் ஆங்கில ஆவணங்களில் டம்பிளகாம் என்று நிற்கும்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை வேதவாக்காக எடுப்பதும் பிழை. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1867-இல் வந்தது. அதற்கு முந்திய ஒருவருக்குப் பத்திரம் கேட்டுக் கச்சேரிக்கு (அரச அலுவலகத்துக்கு) அலைந்து பயனில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிந்திய பத்திரங்களில் பாட்டனாரின் பெயர், பிறந்த வருடம், இடம் கேட்கும் கூடு (கட்டம்) உண்டு. பெரிய உதவி அது. ஆனால் அந்த வருடத்தை வீட்டார் உத்தேசமாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒல்லாந்தர் ஆவணங்களில் தன் குடும்பம் இருக்கும் என்று எதிர்பார்ப்போரும் உண்டு. 1786-இல் திருகோணமலையின் டச்சுத் தளபதி ஃபான் செண்டன் இந்தப் பற்றுகளை (நிர்வாகப் பிரிவுகளை) சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். ஊர் எந்த நிலையில் இருந்தது என்று அறிய அதை வாசியுங்கள், பூட்டனைத் தேடி அல்ல.

எனக்கு மனம் நோகும் தவறு வேறொன்று. எல்லாரும் இந்தியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த பெரிய குடும்பம் என்று எழுத ஆசைப்பட்டு, வேடர் வழி வந்த ஓர் ஆச்சியை மறைத்துவிடுகிறார்கள். மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் கரையோர வேடர் இன்றும் வாழ்கிறார்கள். அந்த ஆச்சி இல்லாமல் நாம் இல்லை. அதே போல, 1950களில் கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று வந்த குடும்பத்தைப் பழங்குடி என்று எழுதுவதும், முன்பே அங்கே இருந்தவர்களை விட்டுவிடுவதும் ஒரே மாதிரியான அநியாயம்.

சரி, கடதாசியே இல்லாதவர்கள் என்ன செய்வது? 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 1990-இலும் 2006-இலும் போரில் சனங்கள் உடுத்த உடுப்போடு ஓடினார்கள். 2004-இல் கடல் வந்தது. பலரின் கடதாசிகள் இப்படித்தான் போயின. பத்திரம் தொடங்கும் வருடத்தில்தான் குடும்பமும் அந்த ஊரில் தொடங்கியது என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம், வயதானவர்களிடம் "எங்கட பரம்பரை என்ன?" என்று கேட்காதீர்கள். அம்மம்மாவிடம் நான் அப்படிக் கேட்டபோது "என்னத்தைச் சொல்ல" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். இன்னொரு நாள், "உங்கட கலியாணத்துக்கு யார் யார் வந்தவை, எந்த வயல் நெல்லில சோறு ஆக்கினது?" என்று கேட்டேன். கொப்பியில் மூன்று பக்கம் நிறைந்தது.